கூட்டக் கூடாத நேரத்து மணல்

மாடிப்படிக்கு அடியில் கடற்கரை வந்தது நவம்பர் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை. எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்காதீர்கள், காலை ஆறேகாலுக்கு நான் வேலைக்குக் கிளம்பி இறங்கியபோது அது ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் நான் அங்கே கூட்டி ஒதுக்கி வைத்தது இரண்டு கைப்பிடிக் குப்பை: நாலு மாடிப் படியின் தூசி, காய்ந்த இலை, யாரோ கிழித்துப் போட்ட பஸ் டிக்கெட், ஒரு பித்தளைப் பொத்தான். காலையில் அந்த இடத்தில் ஒரு முறம் கொள்கிற அளவுக்கு ஈர மணல் இருந்தது, வெளுத்த மஞ்சளில், நடுவில் இரண்டு சிப்பி வைத்து. பொத்தான் மட்டும் பொத்தானாகவே இருந்தது. குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. சரி, கடல் மணல்தான் என்று முடிவு பண்ணிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன், ஏனென்றால் ஆறு முப்பத்திரண்டு பஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழு இரண்டு, மணல் என்று சொன்னாலும் சுனாமி என்று சொன்னாலும் நான் தொழில் பழகுகிற கடையின் மாஸ்டருக்கு ஏழு மணி என்றால் ஏழு மணி.

என் பேர் செண்பகவல்லி. கோவில்பட்டியில் தெருவுக்கு மூன்று செண்பகவல்லி உண்டு, அம்மன் பேர் அது. அப்பா பஜாரில் கறிக்கடை வைத்திருக்கிறார். வெள்ளாட்டை உரித்து எலும்புக்கு எலும்பு பிரிக்கப் பன்னிரண்டு வயதிலேயே எனக்குத் தெரியும், பொட்டப்பிள்ளைக்கு எதுக்குக் கத்தி என்று கேட்ட சொந்தக்காரர்கள் எல்லாம் தீபாவளியன்று காலை நாலு மணிக்கே என் முன்னால் தூக்குவாளியோடு வரிசையில் நின்றவர்கள்தான். பிளஸ் டூ முடித்த அன்றைக்கே இனி உயிருள்ளவரை பெஞ்சில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஜெர்மனியில் கறிக்கடைத் தொழில் கற்றுக்கொள்ள அந்த ஊர்ப் பிள்ளைகள் யாரும் வருவதில்லை, வெளியிலிருந்து ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு ஏஜென்சி சொன்னது. மதுரையில் எட்டு மாதம் பாஷை படித்து, பரீட்சை எழுதி, பத்தொன்பது வயதில் தனியாக ஏறி வந்துவிட்டேன். மூன்று வருஷப் பயிற்சி. வந்து இறங்கிய பிறகுதான் சொன்னார்கள், வாரத்தில் ஒன்றரை நாள் பள்ளிக்கூடம் உண்டு என்று. பெஞ்சு என்னை விடுவதாக இல்லை.

ஊர் ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே, மலைக்கும் மலைக்கும் நடுவில் செருகி வைத்த மாதிரி ஒரு சின்ன ஊர், கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும். எனக்குக் கிடைத்தது ஒரு நாலு மாடி வீட்டின் உச்சியில், கூரைச் சரிவுக்குக் கீழே ஒரு அறை, கட்டிலிலிருந்து எழுந்தால் தலையில் இடிக்கும். இந்த ஊர்க்காரர்கள் கெட்டவர்கள் இல்லை, அதுதான் பிரச்சினையே. கெட்டவர்கள் என்றால் சண்டையாவது போடலாம். எல்லோரும் காலை வணக்கம் சொன்னார்கள், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், என்னை மரியாதையாக நீங்க நீங்க என்றே கூப்பிட்டார்கள், பிறகு அவரவர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆகஸ்டு போனது, செப்டம்பர் போனது, அக்டோபரும் போனது, ஒரு கெட்ட வார்த்தை சொல்லியாவது யாராவது என்னை நீ என்று கூப்பிட மாட்டார்களா என்று இருந்தது.

நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் ஒரே ஒரு பொய் சொன்னேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மா போனில் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

“ஏட்டி செம்பா, பேச்சுத்துணைக்கு ஒரு பிள்ளையாச்சும் கிடைச்சிச்சாட்டி?”

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை எனக்கு அவள் குரலைத் தாங்க முடியவில்லை. “கிடைச்சிருக்கும்மா, லியோனர்னு ஒருத்தி” என்றேன். லியோனர் எங்கள் கடையில் விற்கிற ஒரு சாசேஜ், கறியை அரைத்துக் குடலில் அடைத்து வட்டமாகச் சுருட்டி வைத்திருப்போம், முந்தின நாள் காலையில் நான்தான் நாற்பது கட்டியிருந்தேன், வாயில் அதுதான் வந்தது. அடுத்த வாரம் லாண்ட்யேகர் என்று ஒரு அண்ணனும் வந்து சேர்ந்தான், அது புகை போட்டுக் காயவைக்கிற குச்சி சாசேஜ். அம்மா விடாமல் விசாரித்தாள். லியோனருக்குக் காய்ச்சல் விட்டதா, லாண்ட்யேகர் தம்பி பரீட்சை எப்படி எழுதினான், அந்தப் பிள்ளைகளுக்குக் கடலை மிட்டாய் அனுப்பட்டுமா. நானும் சொல்லிக்கொண்டே போனேன். சாசேஜுக்குக் காய்ச்சல் வருவது லேசான விஷயம், குணமாவதுதான் கஷ்டம், எத்தனை நாளில் குணமானால் நம்புவாள் என்று கணக்குப் போட வேண்டும்.

இப்போது மணலுக்குக் காரணமான பலகைக்கு வருகிறேன். இந்தப் பக்கத்து வீடுகளில் கூட்டுகிற வாரம் என்று ஒன்று உண்டு. ஒரு சின்ன மரப்பலகை, அதில் அதை எழுதி ஒரு கயிறு கட்டியிருக்கும். அது யார் கதவில் தொங்குகிறதோ அவர்கள் அந்த வாரம் முழுக்க மாடிப்படியைக் கூட்டித் துடைக்க வேண்டும், முடித்த பிறகு பலகையை அடுத்த கதவில் மாட்ட வேண்டும், முடிக்காமல் மாட்டக் கூடாது. நவம்பர் ஒன்பதாம் தேதி ஞாயிறு இரவு அது என் கதவுக்கு வந்தது.

நான் காலை ஆறேகாலுக்குக் கிளம்பும்போது இருட்டு. சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்பும்போதும் இருட்டு. விளக்கு வைத்த பிறகு வீடு கூட்டினால் லட்சுமி போய்விடுவாள் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கூட்டியே ஆக வேண்டுமென்றால் கூட்டி ஒரு மூலையில் ஒதுக்கி வை, அள்ளி வெளியே போடாதே, விடிந்ததும் போடு. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் நம்பிக்கை இல்லாதது மண்டைக்குத்தான், கைக்கு இல்லை. கை மூலையில் ஒதுக்கிவிட்டு நின்றுவிட்டது. அது ராத்திரியோடு ராத்திரியாக மணலாகிவிட்டது, அவ்வளவுதான் நடந்தது.

அன்று சாயங்காலம் நான் வந்தபோது தரைத்தளத்து ஹெர் ரெம்லே டார்ச் அடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஹெர் என்றால் திரு. ஐம்பது வயதிருக்கும், வரி அலுவலகத்தில் வேலை, தனி ஆள், தென்னை மரம் மாதிரி உயரம், வீட்டுக்குப் பொறுப்பாளர் அவர்தான். குப்பைத் தொட்டி எந்த நிறம், சைக்கிள் எந்தச் சுவர், எல்லாம் அவர் தீர்ப்பு.

“இது மணல்” என்றார்.

“ஆமாங்க.”

“இந்த வாரம் உங்க வாரம்.”

“ஆமாங்க.”

“அப்ப எடுத்துடுவீங்க.”

“பகல்ல எடுக்கிறேங்க.”

“எந்தப் பகல்?”

நல்ல கேள்வி. திங்கள் முதல் வெள்ளி வரை எனக்குப் பகலே கிடையாது. சனிக்கிழமை கடையை மூடி மெஷின்களைக் கழுவி வைத்துவிட்டு வந்தால் அன்றும் இருட்டு. ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க என்னுடையது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள், விளக்குமாற்றைத் தொட்டால் ரெம்லே வந்து நின்றுவிடுவார். எங்கள் வீட்டுச் சட்டம் ஒரு பக்கம், அவர் வீட்டுச் சட்டம் ஒரு பக்கம், ஏழு நாளில் கூட்டுவதற்கு ஒரு நேரம் மிச்சமில்லாமல் போய்விட்டது. அதனால் தினமும் சாயங்காலம் கூட்டினேன், மூலையில் ஒதுக்கினேன், தினமும் காலையில் அது மணலானது. வெள்ளிக்கிழமை வாக்கில் இரண்டாம் படி மூழ்கியது.

எல்லோரும் வந்து பார்த்தார்கள். யாரும் கத்தவில்லை, யாரும் இது எப்படி என்று கேட்கவில்லை, பார்த்தவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “உங்க ஊர் மணலா?”

“எங்க ஊர்ல கடலே கிடையாதுங்க” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். “எங்க ஊர்ல இருக்கிறது கரிசல் மண்ணு, தீப்பெட்டி, கடலை மிட்டாய்.”

“அப்படியா” என்றார்கள். நம்பவில்லை. இந்தியா என்றால் மணல் என்று முடிவு பண்ணிவிட்டார்கள்.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை, வேலை முடிந்து வந்தவள் மேலே போகப் பிடிக்காமல் மூன்றாம் படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். வெளியே உறைபனி, ஆனால் மணல் வெதுவெதுப்பாக இருந்தது, வெயில் அடித்து ஓய்ந்த மாதிரி. மூன்றாம் மாடி மீரெலா வந்தாள். ருமேனியாக்காரி, இருபத்திரண்டு வயது, பார்சல் வண்டி ஓட்டுகிறாள். ஷூவைக் கழற்றி எறிந்தாள், சாக்ஸைக் கழற்றி எறிந்தாள், என்னைப் பார்த்தாள்.

“தள்ளி உக்காரு” என்றாள்.

மூன்று மாதத்தில் என்னை யாரோ ஒருத்தி தள்ளி உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் ரொட்டியோடு சேர்த்து அழுகையையும் விழுங்கிவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன்.

“இன்னிக்கு இருநூத்திப் பதினாலு பார்சல்” என்றாள் காலை மணலில் புதைத்துக்கொண்டே. “நூத்தித் தொண்ணூறு பேர் வீட்ல இல்ல. வீட்ல இல்லாதவன் எதுக்குடா மெத்தை ஆர்டர் பண்றான்? நாலாவது மாடிக்கு மெத்தை. என்ன பாக்குற? ரொட்டில பாதி குடு.”

குடுத்தேன். “உள்ள என்ன வச்சிருக்க?” என்று கேட்டாள்.

“லியோனர்.”

“நல்லா இருக்கா” என்றாள் மென்றுகொண்டே. எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

அதற்கு மறுநாள் தண்ணீர் வந்தது. படிக்கு அடியில், கரண்ட் மீட்டர் பெட்டிக்குப் பின்னால் இருட்டாக ஒரு மூலை உண்டு, அங்கிருந்து ஒரு அலை வந்து தபால் பெட்டிகளின் கால் வரை தொட்டுவிட்டுத் திரும்பிப் போனது, பிறகு இன்னொன்று வந்தது, பிறகு அது நிற்கவேயில்லை. அதற்குப் பிறகு அந்த வீடு என்ன ஆனது என்று கேட்டால், கடற்கரை இருக்கிற வீடு ஆனது. இரண்டாம் மாடி ஃப்ராவ் டோர்ன், அதாவது டோர்ன் அம்மா, நகராட்சி நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுக்கிறவர், குளத்தை ரிப்பேருக்கு மூடியதிலிருந்து யாரோடும் பேசாமல் இருந்தவர், நீச்சல் உடையில் இறங்கி வந்து மணலில் ஒரு துண்டை விரித்தார். மறுநாள் காலை நான் இறங்கும்போது ஆள் இல்லை, துண்டு மட்டும் இருந்தது. அதற்கடுத்த நாள் நாலு துண்டு. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிக்கிற அதே ஜனம், அதே புத்தி, தோல் நிறம்தான் வேறு. ரெம்லே ஒரு தாள் அச்சடித்து ஒட்டினார்: துண்டு போட்டுப் பிடித்த இடம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் செல்லாது. முதல் மாடியில் இருந்த எமினே அக்கா, துருக்கிக்காரர், பெரிய தட்டில் சின்னச் சின்ன கண்ணாடி டம்ளர்களில் டீ கொண்டுவந்தார், கேட்டவர்களுக்கும் கொடுத்தார், கேட்காதவர்களுக்கும் கொடுத்தார். தபால்காரர் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தபால் போட்டார். மீட்டர் பார்க்க வந்தவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று, எண்ணைக் குறித்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். ரெம்லேயின் தபால் பெட்டியில் ஒரு நண்டு குடியேறியது, அதற்கும் அவர் பேர்ச்சீட்டு ஒட்டச் சொல்வார் என்று மீரெலா சொன்னாள்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. தினமும் காலையில், எனக்கு முன்னாடியே யாரோ அந்த மணலில் வெறுங்காலோடு நடந்திருந்தார்கள். பெரிய பாதம். நேராகத் தண்ணீர் வரை ஒரு கோடு, அங்கே ஸ்கேல் வைத்த மாதிரி ஒரு திருப்பம், தண்ணீர் ஓரமாக ஒரு கோடு, மறுபடி அதே மாதிரி ஒரு திருப்பம், திரும்பி வரும் கோடு.

டிசம்பர் ஒன்றாம் தேதி கடிதம் வந்தது. இங்கே யாரும் வாயைத் திறந்து திட்ட மாட்டார்கள், எழுதித்தான் திட்டுவார்கள். வீட்டுச் சொந்தக்காரர் எழுதியிருந்தார்: பொறுப்பாளர் ஹெர் ரெம்லே தெரிவித்தபடி மூன்று வாரமாகப் பலகை நகரவில்லை, டிசம்பர் பதினைந்துக்குள் மாடிப்படியைச் சுத்தம் செய்து பலகையை ஒப்படைக்க வேண்டும், இல்லையென்றால் அறையைக் காலி செய்ய வேண்டும். அந்த ஊரில் வேறு அறை கிடையாது. அறை இல்லையென்றால் கடை இல்லை, கடை இல்லையென்றால் பயிற்சி இல்லை, பயிற்சி இல்லையென்றால் விசா இல்லை, விசா இல்லையென்றால் நேராகக் கோவில்பட்டி, கறிக்கடை வாசலில் அதே சொந்தக்காரர்கள், அதே தூக்குவாளி, இந்தத் தடவை சிரித்துக்கொண்டே.

அம்மாவிடம் கேட்டேன். லட்சுமி விஷயத்தில் அவள்தான் பொறுப்பாளர்.

“இருட்டுல கூட்டி வெளிய அள்ளிப் போட்டே ஆகணும்மா. இல்லன்னா அறை போயிரும்.”

“விளக்கு வச்ச பொறவா? அடிப் பாவி.” பிறகு யோசித்தாள். “அங்க காலைல ஆறு மணின்னா இங்க எத்தனை மணிட்டி?”

“பத்தரை.”

“பத்தரைக்கு இங்க வெயிலு மண்டையப் பிளக்கு. அவ நம்ம வீட்டு லட்சுமிதானட்டி? அவ கோவில்பட்டி வெயிலத்தான் பாப்பா. உங்க ஊரு இருட்டுக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? காலைல கூட்டு.”

ஒரே நிமிஷத்தில் முடிந்தது. ஆறு மணிக்கு முன்னால் வீட்டில் சத்தம் கூடாது என்பது ரெம்லே சட்டம், ஆறேகாலுக்கு நான் கிளம்ப வேண்டும், ஆக இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் நடுவில் எனக்கென்று கால் மணி நேரம் கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. மணல் போனால் துண்டும் போகும், டீயும் போகும், எல்லோரும் மறுபடி காலை வணக்கம் சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இவர்களெல்லாம் மணலுக்காக வந்தவர்கள்தானே. பத்து நாள் இதையே நினைத்துக்கொண்டு ஒரு கைப்பிடி மணலைக்கூட அள்ளவில்லை. பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் எனக்குப் பொறுமை போய்விட்டது, மூன்றாம் படியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீரெலாவிடம் நேராகவே கேட்டேன்.

“மணல் போயிருச்சுன்னா நீ இங்க வருவியா?”

“எனக்கு மணலே பிடிக்காது” என்றாள். “மூணு வாரமா என் படுக்கையெல்லாம் மணல். சாக்ஸ் எல்லாம் நாசம். வண்டி பிரேக்கை மிதிச்சா கரகரன்னு சத்தம் வருது.”

“பின்ன எதுக்குத் தினமும் வந்து உக்கார்ற?”

என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். “நீ தனியா உக்காந்திருந்தியே.”

“தள்ளி உக்காரு” என்றேன். அவள் தள்ளவில்லை.

பதிமூன்றாம் தேதி சனிக்கிழமை, காலை சரியாக ஆறு மணிக்கு விளக்குமாற்றோடு இறங்கினேன். வாசல் கதவைத் திறந்து வைத்தேன், வெளியே வெள்ளை வெளேர் என்று பனி, தெரு விளக்கு. மணலின் ஓரத்திலிருந்து இழுக்க ஆரம்பித்தேன், சொன்ன பேச்சைக் கேட்டு நகர்ந்தது. நாலு இழுப்பு இழுத்திருப்பேன், ரெம்லேயின் கதவு திறந்தது.

“நிறுத்துங்க.”

“மணி ஆறு ஒண்ணு. சத்தம் போடலாங்க.”

“சத்தம் இல்ல.” வீட்டு அங்கியோடு நின்றார். “இதை எங்க போடுவீங்க?”

“வெளிய.”

“வெளிய மைனஸ் நாலு.”

“மணலுக்குக் குளிராதுங்க.”

மறுபடி இழுக்கக் குனிந்த என் கண்ணில் அவர் கால் பட்டது. வெறுங்கால், படகு மாதிரி இரண்டு பாதம், கணுக்கால் வரை ஈர மணல்.

“தினமும் காலைல நடக்கிறது நீங்கதானா?”

“எது?”

“தண்ணி வரைக்கும் நேரா போயி, மூலை மட்டம் வச்ச மாதிரி திரும்பி, நேரா வர்றது. இந்த வீட்ல அப்படித் திரும்புற ஆளு வேற யாருங்க இருக்கா?”

அவர் காது இரண்டும் சிவந்தது. “ஞாயித்துக்கிழமை எமினே எனக்கு டீ குடுத்தாங்க” என்றார், அலுவலகத்தில் அறிக்கை வாசிப்பது மாதிரி. “நான் கேக்கல. இந்த வீட்ல பதினேழு வருஷத்துல முதல் தடவை.”

“பின்ன எதுக்குங்க என்னைப் பத்தி எழுதினீங்க? கடற்கரைல நடக்கிற ஆளே கடலைக் கூட்டச் சொல்லி எழுதுவாங்களா?”

“நடந்தது நான்” என்றார். “எழுதினது பொறுப்பாளர். பலகை நகரலைன்னா பொறுப்பாளர் எழுதணும்.”

“அப்ப பொறுப்பாளர்கிட்ட சொல்லுங்க, நான் திங்கக்கிழமை அறையக் காலி பண்ண முடியாது, அதனால கூட்டப்போறேன்னு.”

விளக்குமாற்றைத் தூக்கினேன். அவர் உள்ளே போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். ஒரு பழுத்துப்போன தாளோடும், தோட்டத்தில் சருகு வாருகிற பல் வைத்த கோலோடும் திரும்பி வந்தார். அந்தத் தாள் வீட்டுச் சட்டம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலில் எழுதினது. அதில் ஒரு வரியை விரலால் தடவிக் காட்டினார்: படிகளைக் கூட்ட வேண்டும், முற்றத்தை வார வேண்டும்.

“மூணாம் படிக்கு மேல படி. சுத்தமா இருக்கு, தினமும் கூட்டியிருக்கீங்க, நான் பார்த்தேன்” என்றார். “மூணாம் படிக்குக் கீழ இருக்கிறது படி இல்ல, தரை. மேல மண் இருந்தா அது முற்றம். முற்றத்தைக் கூட்டக் கூடாது. வரி வரியா வாரி விட்டா போதும்.”

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!”

“நேத்து ராத்திரிதான் கண்டுபிடிச்சேன்” என்றார். “நாலு நாளா தேடினேன்.”

வாசல் கதவைச் சாத்தினேன். வாருகோலை வாங்கி வார ஆரம்பித்தேன். அவர் பின்னாடியே கைகட்டிக்கொண்டு நடந்து வந்தார், நடந்த இடத்தில் எல்லாம் கால்தடம் பதிந்தது, அதை நான் மறுபடி வாரினேன். முடித்ததும் அவர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

“உன் கடைசி வரி கோணல்” என்றார்.

பிறகு தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்து, டார்ச்சை அணைத்துவிட்டார். நான் கேட்காத மாதிரி கோணலைச் சரி பண்ணினேன். ஆறு முப்பத்திரண்டு பஸ் போய்விட்டது. ஏழு இரண்டில் போய் மாஸ்டரிடம் மணல் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் கத்தியைத் தீட்டி முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாமா என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் பலகையை மீரெலா கதவில் மாட்டினேன், உள்ளேயிருந்து ருமேனிய மொழியில் ஒரு வசவு வந்தது. ரெம்லே சொந்தக்காரருக்கு இரண்டே வரியில் எழுதினார்: படிகள் சுத்தமாக உள்ளன. முற்றம் சற்றுப் பெரிதாகியுள்ளது. சொந்தக்காரர் தகவலுக்கு நன்றி என்று பதில் எழுதினார். விஷயம் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் வந்தார், கையில் ஒரு கூடை. டோர்ன் அம்மா நீந்திவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார், எமினே அக்கா டீ ஊற்றினார், மீரெலா வாருகோலைப் பிடித்துக்கொண்டு கடல் எந்தப் பக்கம் போனாலும் எனக்குக் கவலையில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள், ரெம்லே ஓரமாக, ஆனால் மணலுக்கு உள்ளே, ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது. அம்மா, வீடியோவில். நான் ஒவ்வொருவராகக் காட்டினேன், அம்மா ஒவ்வொருவருக்கும் கை கூப்பினாள், அவர்களும் ஈரக் கையோடு கூப்பினார்கள். படிக்கு அடியில் கடல் இருப்பதைப் பார்த்தாள். “காத்தோட்டமாத்தான் இருக்கு” என்றாள். பிறகு கண்ணை இடுக்கித் தேடினாள்.

“ஏட்டி, இதுல லியோனரு எந்தப் பிள்ளை?”

நான் தட்டைப் பார்த்தேன். மாஸ்டர் அப்போதுதான் வட்டத்தை வெட்டித் துண்டு போட்டு வைத்திருந்தார்.

“அம்மா, அவ தட்டுல இருக்கா.”

“என்னது?”

“லியோனர் ஒரு சாசேஜும்மா. பொய் சொன்னேன். அப்ப எனக்கு யாரும் இல்ல. இப்ப இருக்காங்க, அதான் சொல்றேன்.”

நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை, அவள் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

“லாண்ட்யேகரு தம்பி?”

“அவனுந்தாம்மா. கூடையில இருக்கான், காஞ்சுபோயி.”

“அடியேய்! அந்தத் தம்பி பாசாகணும்னு நான் அம்மனுக்கு அர்ச்சனை பண்ணினேனேட்டி! ஐயரு நட்சத்திரம் கேட்டாரு, தெரியலன்னு சொல்ல வாயி வராம சுவாதின்னு சொன்னேன்!”

நான் சிரித்தேன், மீரெலா எதற்கென்று தெரியாமலே சிரித்தாள், அம்மாவும் முறைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “அந்த ஒசரமா, முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரே, அவரு யாரு?”

“ஹெர் ரெம்லே. அவர்தாம்மா என் அறையக் காப்பாத்தினாரு.”

“நட்சத்திரம் என்ன?”

“அதெல்லாம் இங்க கிடையாதும்மா.”

“அப்ப சுவாதியே இருக்கட்டும். அந்த அர்ச்சனைய அவரு பேருக்கு மாத்திருதேன்னு சொல்லு.”

சொன்னேன். ஜெர்மன் மொழியில் அதைச் சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது. ரெம்லே கவனமாகக் கேட்டார், பையிலிருந்து நோட்டை எடுத்தார், சுவாதியை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார், அடிக்கோடு போட்டார், பிறகு இது எத்தனை வருஷத்துக்குச் செல்லும் என்று கேட்டார்.

அம்மாவிடம் கேட்டேன்.

“ஆயுசுக்கும்னு சொல்லுட்டி.”

அதையும் எழுதிக்கொண்டார்.